பேராசிரியைக்கு வந்த கடிதம்

நடுவயதை ஆராய்வதுதான் பேராசிரியைக்குப் பிழைப்பு. நாற்பதைத் தாண்டியவர்கள் நலமாக முதுமைக்குள் போவது எப்படி என்று பன்னிரண்டு வருடமாக ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கே ஐம்பத்து மூன்று ஆகிறது. அவரைக் கேட்கத்தான் நாதியில்லை. வீட்டில் மறதி நோய் முற்றிப்போன அம்மா, ஒரு ராத்திரிக்கு நான்கு தடவை எழுப்பிவிடுவார். வியாழன் தவிர மற்ற நாள் பகலில் ஓர் ஆயா வந்து பார்த்துக்கொள்கிறார். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். வெளியூரில் இருக்கும் தம்பி, மாதம் ஒருமுறை போனில் அக்கறையைக் கொட்டிவிட்டு வைத்துவிடுவான். அத்தோடு அவன் கடமை முடிந்தது.

அன்று காலை சோதனைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. புதிதாக வாங்கிய கணினியை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். "நீங்களே உட்காருங்க மேடம்," என்றார், ஒன்பது வருடமாகச் சோதனை எடுக்கும் உதவியாளர் அம்மாள். பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டினார். கைப்பிடியின் பலம், மூச்சு, நடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்து, "இப்ப அந்த வார்த்தைங்களைச் சொல்லுங்க," என்றார்.

குடை. சாவி. ஆறு. ஜன்னல். அவ்வளவுதான். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும் ஐந்தாவது வரவில்லை. அந்தப் பட்டியலை எழுதியதே அவர்தான், கொடுமையே!

ஐந்துக்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் தர வேண்டும். யாருக்கும் விலக்கில்லை என்று விதி போட்டதும் அவரேதான்.

"தூக்கம் கெட்டா இப்படித்தான் மேடம். சும்மா மிஷினைப் பாக்கத்தானே உட்கார்ந்தீங்க? அழிச்சிடட்டுமா?"

'அழிச்சிடுங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. அம்மாவுக்கும் தூக்கம் போதவில்லை என்று சொல்லிச் சொல்லியே மறதியின் முதல் மூன்று வருடத்தை ஓட்டினார்கள்.

"வேணாம். கடிதத்தை அடிச்சுக் குடுங்க."

கடிதத்தின் அடியில் 'உடன் வருபவர்' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. எத்தனை பேரிடம், "வீட்ல யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லியிருப்பார்! அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியை அழைத்தார்.

"என்னக்கா, அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்டா." நடந்ததைச் சொன்னார். "பயமா இருக்குடா."

"நீ போய் பயப்படலாமா? இதுலயே ஊறினவளாச்சே நீ!"

"ஊறினதாலதான் பயம். வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கணும். கூட வர்றியா?"

லீவு கிடைக்காது என்பான், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பான் என்று பேராசிரியை காத்திருந்தார்.

"அதில்லக்கா, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அம்மாவை யாரு பாத்துக்குறது?"

பேராசிரியைக்குச் சுள்ளென்று ஏறியது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்கத்தான் நினைத்தார். கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

"நீதான் பாத்துக்கணும். புதன்கிழமையே வந்துடு. டாக்டர்கிட்ட நான் தனியாவே போயிக்கிறேன்."