சரஸ்வதி பூசையில் மாட்டிக்கொண்ட அயர்லாந்து

அயர்லாந்து வரலாற்றைத் தேடிப் புக்கிட் பெலிம்பிங் ரப்பர் தோட்டத்துக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். 1984 அக்டோபர், ஒரு புதன்கிழமை. நிலக்கிழார்களை எதிர்த்த அயர்லாந்துக் குத்தகை விவசாயிகளைப் பற்றிய என் ஆய்வேட்டை மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். முக்கியமான மேற்கோள் ஒன்றுக்குப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ள மறந்திருந்தேன். எண் இல்லாமல் ஏட்டை வாங்க மாட்டேன் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். நூலகத்தில் இருந்த அந்த அயர்லாந்து வரலாற்று நூலின் ஒரே பிரதியைத் தொலைத்த புண்ணியவானும் அவர்தான்.

ஊர் திரும்பிய அயர்லாந்துக்காரத் துரை ஒருவர் அதே நூலையும் சேர்த்துத் தன் புத்தகங்களை அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் 67 கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம், மூன்று வெள்ளி. அங்கிருந்து தோட்டத்துக்கு டாக்சி, ஐந்து வெள்ளி.

“புத்தகம் படிக்க எஸ்டேட்டுக்கா போறீங்க?” என்று டாக்சிக்காரர் சிரித்தார். “படிச்சவன்லாம் எஸ்டேட்ட விட்டுத்தான் ஓடுவான் லா!”

மூன்று மணிக்குத் தோட்ட ஆபீசில் நுழைந்ததும்தான் உறைத்தது. அன்று சரஸ்வதி பூசை! ஆய்வேட்டு மும்முரத்தில் அடியோடு மறந்துபோயிருந்தேன். மேசை மேல் தட்டச்சு இயந்திரம், பால்மரம் வெட்டும் கத்திகள், நடுவில் என் அயர்லாந்து, மூன்று தடித்த பாகங்களாகச் சந்தனம் குங்குமத்தோடு. எனக்கு வேண்டிய இரண்டாம் பாகத்தின் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“இண்டைக்குத் தொடேலாது பிள்ளை. நாளைக்கு விடியப் பூசை முடியத்தான் எடுக்கலாம்,” என்றார் யாழ்ப்பாணத்துக் கிராணி.

“ஒரே ஒரு பக்கம், ஐயா.”

“ஒரு பக்கமெண்டால் சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டு இருப்பாவோ?”

அவர் மனைவி சுண்டல் கொடுத்து, தங்க இடமும் கொடுத்தார். அழுகையை அடக்கிக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பூசை முடிந்தது. கத்திகளை எடுத்துக்கொள்ளத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள். வழக்கப்படி முதலில் நான் ஒரு பக்கம் உரக்கப் படிக்க வேண்டும் என்றார் கிராணி. அடித்த அதிர்ஷ்டத்தில் என் பக்கத்தையே பிரித்தேன். 214! அதைத் தமிழாக்கிப் படித்தேன்: வாடகை கட்டாத குடும்பங்களை வெளியே தள்ளி, திரும்பி வராதபடி கூரையையும் பிரித்துப் போட்ட கதை.

கத்தியைக் கையில் வைத்திருந்த ஓர் அக்கா கேட்டார்: “அப்புறம் அவங்களுக்கு வீடு கெடச்சுதா இல்லியாம்மா? எங்க லயத்து வீடுங்களையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தோட்டத்த வித்தாச்சாம்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் ஏட்டில் 280 பக்கங்கள். அவர் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு வரி இல்லை. “தெரியலக்கா,” என்றேன். வெட்கமாக இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஏட்டைக் கொடுத்தேன். பேராசிரியர் பக்க எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

போகிறவர்களுக்கு: காலைப் பேருந்தில் கிளம்புங்கள், குடை அவசியம், நாள்காட்டியைப் பாருங்கள். கையில் புத்தகம் இருந்தால் கடைசி அத்தியாயம்வரை படித்துவிட்டுப் போங்கள். அங்கே கேட்பார்கள்.