வெட்டாத ஊசி

நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் முரளீதரன் எவரையும் லேசில் நம்பமாட்டார். 1999இல், சின்னக் காஞ்சிபுரத்தில் அவர் குடியிருந்த தெருவிலேயே குப்பை அள்ளிய பாண்டியனின் கையில் ஊசி ஏறிவிட்டது. அங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர் தர்மன்மேல் சந்தேகம் விழுந்தது.

"சின்ன கிளினிக்குக்கு லைசென்ஸ் வேணாம்னு மருத்துவக் கழிவுச் சட்டத்துலயே விலக்கு இருக்குது சார். ஆனா ஊசிய வெட்டித்தான் குப்பையில போடறேன்," என்றார் தர்மன்.

விலக்கு என்ற சொல்லே முரளீதரனுக்கு ஆகாது. கிளினிக்கின் பின்வாசல் குப்பையைக் கிளறிப் பார்த்தார். வெட்டாத ஊசி ஒன்றுகூட அகப்படவில்லை. எங்கோ ஒளிக்கிறான் என்றே நினைத்தார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி வைதேஹி இன்சுலின் போட்டுக்கொண்டு, ஊசியை வாழைக்காய்த் தோலோடு கூடையில் எறிந்தாள்.

"எப்பவும் இப்படித்தான் போடறியா?"

"பின்னே? ஆத்துக் குப்பைக்குமா உங்க சட்டம்?"

வீடுகளுக்கு அந்தச் சட்டம் இல்லைதான். முரளீதரன் குனிந்து, கூடையிலிருந்து அந்த ஊசியைத் தனியே எடுத்து வைத்தார்.

மறுநாள் பாண்டியனிடம், குத்தியது தன் வீட்டு ஊசியாக இருக்கலாம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். பிறகு வீட்டு ஊசிகளை டப்பாவில் போட்டுக்கொண்டு, வெட்டித்தரச் சொல்லி தர்மனிடம் நீட்டினார். டாக்டர் அதைத் தொடவே இல்லை.

"இத என் கிளினிக்குல வச்சுட்டு, அப்புறம் சோதனை போட யார கூட்டிக்கினு வருவீங்க சார்?" என்றார்.