தொண்டையில் நின்ற கவளம்

முதலாளி இருந்தார். அவர் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தார். முதலாளியின் தம்பி என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பால் பட்டு நூல் வியாபாரி. இடப்பக்கம் நெசவு ஆட்கள் இரண்டு பேர், புருஷனும் பெண்டாட்டியும். வாசலில் அரிசி மூட்டையோடு என் பெரியப்பா மகன் குமார். நடுவில் நான்.

இடம் சேவூர், முதலாளி வீட்டுத் தறிக்கூடம். நான் பாவு பிணைக்கிறவன். தறியில் பழைய பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) முடியும் இடத்தில், அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைச் சேர்த்துச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிந்ததும் தறிக்குப் பூஜை. அப்புறம் சாப்பாடு. பிணைத்தவனுக்குத்தான் முதல் இலை. அது அந்த வீட்டு வழக்கம்.

பல வருடம் அந்த இலையில் சாப்பிட்டேன். நீ என்ன ஆள் என்று யாரும் கேட்கவில்லை. "இது பரம்பரை விரலுப்பா, கத்துக்கினு வர்றது இல்ல" என்று முதலாளி வருகிறவர்களிடம் என் கையைக் காட்டுவார். விரலைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

குமார் களம்பூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன். அன்று அந்த வீட்டுக்கு அரிசி இறக்க வந்திருந்தான். பந்தியில் என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"அட, எங்க அண்ணன்! மொத எலையா? எங்க காலனி ஆளுங்க இவரு. நல்லா கவனிங்கமா."

பரிமாறிய கை நின்றது. தம்பி எழுந்தார். வியாபாரி எழுந்தார். பிறகு அந்த நெசவு ஆட்கள். யாரும் திட்டவில்லை. முதலாளி மட்டும், "நீ சாப்பிடு. சாப்ட்டுட்டு எலைய நீயே எடுத்துடு" என்றார்.

வாயில் ஒரு கவளம் இருந்தது. விழுங்க வரவில்லை. துப்பவும் முடியவில்லை.

அப்போது கத்தரிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். தம்பி தறிக்குழியில் இறங்கி, நான் பிணைத்த இடத்தில் இழைகளைக் கொத்துக் கொத்தாக அறுத்துக்கொண்டிருந்தார். வேறு ஆளை வைத்துப் பிணைத்துக்கொள்வார்களாம்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

என்னைப் போல யாருக்காவது இருந்தால் உதவும் என்று இதை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் மடக்கு மடக்காக இறங்கியது. கஞ்சி சில நாள் இறங்கும், சில நாள் மூக்கில் ஏறும். அந்த வீட்டில் வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் என் மனைவி செல்வியிடம் சொன்னேன். சேவூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் களம்பூர் காலனிக்கே திரும்பினோம். ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஆரணியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உணவுக்குழாயின் உள்ளே பார்ப்பது) செய்தார்கள். பேரியம் எக்ஸ்ரே (வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து அது இறங்குவதைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். செல்விக்குப் புற்றுநோய் என்று பயம். அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லவில்லை.

"கட்டி இல்ல, புண் இல்ல. குழாய் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

செல்வி அழுதாள், சந்தோஷத்தில். எனக்குத் திக்கென்றது. கட்டி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஒன்றுமில்லை என்றால், நான் என்ன நடிக்கிறேனா?

மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் இன்னா பைத்தியமா?"

"பைத்தியம்னா எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா உன்கூடத்தான் குடும்பம் நடத்திகினு கீறேன். எழுந்து வா."

உள்ளே ஆலோசகர் மேடம் ஒருவர் இருந்தார். கடைசியாக நன்றாகச் சாப்பிட்டது எங்கே என்று கேட்டார். சொன்னேன். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். மேலே எழுதிய வரிசையில்தான் சொன்னேன். இலை வரை சொல்ல முடிந்தது. கத்தரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அதையும் சொன்னேன்.

செல்வி பக்கத்தில் இருந்தாள். இந்த விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள்தான். "அறுத்தானுங்களா?" என்றாள். மறுபடியும் "அறுத்தானுங்களா?" என்றாள்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நடந்தது அநியாயம். மொதல்ல அதைச் சொல்லிடறேன். அப்புறம்தான் வைத்தியம்" என்றார்.

இதற்கு மன அதிர்ச்சி (சம்பவம் முடிந்த பிறகும் அது நடந்துகொண்டே இருப்பதாக உடம்பு நினைப்பது) என்று பெயர் என்றார். பயத்தில் விழுங்கும் தசை இறுகிக்கொள்கிறதாம். நடிப்பு இல்லை என்றார். அதைக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. தூக்கத்துக்கு அங்குள்ள டாக்டர் மாத்திரை எழுதினார். மேடம் ஸ்பூன் கஞ்சியில் பயிற்சி சொன்னார். தொண்டை இறுகினால் அதோடு சண்டை போடாமல் மூச்சை விட்டுக் காத்திருக்க வேண்டும்.

புறப்படும்போது சொன்னார்: "உங்கள மட்டும் சரி பண்ணி, திரும்ப அதே பந்தியில உக்கார வெச்சா அது வைத்தியம் இல்லீங்க. சட்டம் இருக்கு. புகார் கொடுக்கறதா இல்லையான்னு நீங்க முடிவு பண்ணுங்க. கொடுத்தா, நான் பார்த்ததை எழுதித் தரேன். உங்க தெருவுல இந்த மாதிரி வேற யாருக்கு இருக்கு?"

யாருக்கும் இல்லை என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் காலனிக்கு வந்தார். "லோன் மேடமா? தவணை இன்னாத்துக்கு இப்பவே?" என்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த முறை செல்வி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். வந்தார்கள்.

ஒரு அம்மாவுக்கு, வேலைக்குப் போகும் வீட்டின் பின்வாசல் அருகே போனாலே மூச்சு முட்டுமாம். இன்ஜினியரிங் படித்தவர் ஒருவர், இன்டர்வியூவில் ஊர்ப் பெயரோடு தெருப் பெயரையும் கேட்டதிலிருந்து வயிற்றுப்போக்கு என்றார். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். யாருக்கும் ரிப்போர்ட்டில் ஒன்றும் வரவில்லை. நான் ஆடிப்போய்விட்டேன். ஒரே தெரு. ஒரே குழாயடி. ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை.

குமார் வாசலோடு நின்றான். மேடம்தான் கவனித்தார். உள்ளே கூப்பிட்டார்.

"சேவூர் லோடுக்கு நான் போறது இல்லீங்க. யார் ஊட்லனா வாயத் தொறந்தா வேர்த்துக் கொட்டுது. என் வாயாலதான அண்ணன் வாயி அடச்சிப்போச்சு."

என் நோயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாதியாக இளைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"நீ இன்னா பொய்யா சொன்ன?" என்றேன். "எங்க அண்ணன்னு சொன்ன. அவ்ளோதான்."

அவன் என் தோளில் கை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

புகார் கொடுத்தோம். விசாரணை நடக்கிறது. முடிவு தெரியாது. நடுவில் முதலாளி ஆள் அனுப்பினார். பாவுகளைத் தறியிலிருந்து கழற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாராம், பிணைத்துக் கொடுத்தால் போதுமாம், வெளியே தெரிய வேண்டாமாம்.

"ஏன், எங்க ஊட்டு சாம்பல் மட்டும் ஒட்டிக்காதா?" என்றாள் செல்வி. அந்த ஆள் ஜல்தியாகக் கிளம்பிவிட்டார். அன்று எனக்கு மறுபடி தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு வாரம் கஞ்சிக்குத் திரும்பினேன். உங்களுக்கும் இப்படிப் பின்னால் போகும். பயப்படாதீர்கள்.

முன்பெல்லாம் சாப்பிட்டது தெரியாமல் சாப்பிடுவேன். இப்போது கவளம் போகிற வழி முழுக்கத் தெரிகிறது. நாக்கு, தொண்டை, நெஞ்சு. ஒரு கவளம் இறங்குவதற்குள் ஒரு பகல் போன மாதிரி இருக்கும். அந்தச் சம்பவம் சில நாள் நேற்று நடந்தது. சில நாள் இன்னும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது.

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட வந்துவிட்டது. ஆட்கள் முன்னால் மட்டும் முடியாமல் இருந்தது. போன ஞாயிறு கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சாம்பார் சாதம். கட்டாயம் இல்லை என்றார் மேடம். உட்கார்ந்தேன். குமார் பரிமாறினான்.

முதல் கவளம் நின்றது. மூச்சை விட்டேன். காத்திருந்தேன். இறங்கியது.

"லாபம்!" என்றான் குமார். மில்லில் மூட்டை எண்ணுகிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சோற்றோடு நானும் சிரித்துவிட்டேன். அதுவும் இறங்கியது.

"ரெண்டு" என்றான். மில் ராகத்திலேயே எண்ணிக்கொண்டு போனான். நான் கை கழுவ எழுந்தபோது நிறுத்தினான்.

இருபத்து மூன்று.