போர்டுக்கு வைத்த பொட்டு

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு நின்றவள். கூட்டத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் இதை எழுதப் போவதில்லை. அதனால்தான் துணிந்தேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். அங்கே இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு நான் மேலாண்மைக் குழுத் தலைவி. பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது எல்லாப் பெண்களும் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். ஒளிய முதுகு கிடைக்காமல் நின்றவள் நான். கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் இன்டர்நெட்டும் ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. ஓர் அறைக்குக் கம்பிக்கதவு போடவும் வயரிங் மாற்றவும் மானியமும் வந்தது. வெள்ளையடித்து முடிந்ததும் டீச்சரும் நானும் சேர்ந்து தரையைக் கழுவினோம்.

சந்தோஷத்தோடு ஒரு பயமும் இருந்தது. காலையில் டவுன் பள்ளி வேன் ஹாரன் அடித்தால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அதில் ஏறிவிடும். இந்த வருஷமும் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் சேரவில்லை என்றால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், போர்டையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. அப்படி ஆனால் நாலாவது படிக்கிற என் மகள் டிப்பர் லாரி ஓடுகிற ரோட்டில் நடந்து போக வேண்டும். அவள் அப்பா தவறிச் சில வருஷம் ஆகிறது. வேனுக்குக் கட்ட என்னால் முடியாது.

மேலத்தெருவில் ஒருத்தி இருக்கிறாள். புருஷன் சிங்கப்பூரில். நல்ல உயரம், நல்ல வாய். அவள் தன் மகளை எங்கே சேர்க்கிறாளோ அங்கேதான் அந்தத் தெருவே சேர்க்கும். அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூட விஷயந்தான? டவுன்ல பாரம் வாங்கியாச்சுக்கா. இருந்தாலும் போர்டு தொறக்கிற அன்னிக்கு வந்து பாக்குறேன். நல்லா இருந்தா இங்க. இல்லாட்டி வேன்."

திறப்பு அன்று ஊரே கல்விச்சீர் எடுத்து வந்தது. தாய்மாமன் சீர் மாதிரிதான், பள்ளிக்கூடத்துக்கு. பாய், சில்வர் குடம், சுவர்க் கடிகாரம், விளக்குமாறு எல்லாம் தட்டுத்தட்டாக, மேளத்தோடு. வந்த பெண்கள் நேராக அந்த அறைக்குள் போனார்கள். புது டிராக்டர் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். போர்டுக்குச் செவ்வந்தி மாலை. நாலு மூலையிலும் நடுவிலும் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நான் வாசலிலேயே நின்றேன். பொட்டு வைக்கிற இடத்தில் நான் முன்னால் போவதில்லை.

டீச்சர் சுவிட்சைப் போட்டார். பிள்ளைகள் பாட்டு வர வேண்டும். வரவில்லை. படங்கள் தானாகத் திறந்தன, மூடின. யாரும் தொடாமலே கோடு கோடாக விழுந்தது.

"ஆத்தாடி, இதுக்குச் சாமி வந்துருச்சு!"

"சாமி எங்க வந்துச்சு மதினி? கவர்மெண்டு சாமான், அப்படித்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேலத்தெருக்காரி சிரிக்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா, வாரேன்" என்று என்னைத் தாண்டி வெளியே போனாள்.

டீச்சர் போர்டு மாட்டிய தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"தெர மேல எதுவும் ஒட்டியிருக்கா டீச்சர்? எது பட்டாலும் வெரல்னு நெனச்சுக்கிரும்."

"மாலை போட்டிருக்கோம் தம்பி. அப்புறம்... சந்தனம், குங்குமம்."

"எல்லாத்தையும் தொடச்சிருங்க டீச்சர்."

மாலையைக் கழற்ற ஆள் இருந்தது. குங்குமத்தை அழிக்க ஆள் இல்லை.

"வச்ச ஈரம் காயல, அதுக்குள்ள அழிக்கிறதா? நல்ல நாளும் அதுவுமா?"

"நீ தொடைடி."

"ஏன், எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கிறது ஒனக்குப் புடிக்கலையா?"

டீச்சர் கர்ச்சீப்பை எடுத்தார். அவர் கையையும் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணாக வாசல் பக்கம் திரும்பியது. வாசலில் நான்தான் நின்றேன்.

சுருக்கென்றுதான் இருந்தது. திரும்பி வெளியே பார்த்தால் மேலத்தெருக்காரி மகளுக்கு மாட்டிவிட்டுத் தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் செருப்பு மாட்டிவிட்டால் வேன்தான். பிறகு நான் யோசிக்கவில்லை. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு உள்ளே போனேன். கீழ் மூலைகளைத் துடைத்தேன். நடுவில் துடைத்தேன். மேல் மூலை எட்டவில்லை. எம்பிப் பார்த்தும் எட்டவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. "குடுங்க இங்கிட்டு. ஒங்களுக்கு எட்டாது."

செருப்பைக் கழற்றிவிட்டு அவள்தான் வந்திருந்தாள்.

"அடியே, நீயா தொடைக்கிற? புருஷன் வெளிநாட்டுல இருக்கையில?"

"கண்ணாடியத்தான தொடைக்கிறேன் சின்னாத்தா. சிங்கப்பூரு வரைக்கும் இது போகாது." மிச்ச ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

போர்டு அடங்கியது. டீச்சர் கூப்பிட்டதும் அவள் மகள் போய் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் போன இடத்துக்கெல்லாம் கோடும் போனது. வட்டம் போட்டுக் கண் வைத்து மீசை வைத்தாள். பூனை. அப்புறம் இன்டர்நெட் வழியாக வேறோர் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் திரையில் வந்து கையாட்டினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். என் மகள் எழுந்து எங்கள் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். நல்லவேளை, என் நாக்கு அவளுக்கு வரவில்லை.

பொட்டில்லாமல் போர்டு மூளியாக இருக்கிறதே என்று பெண்களுக்குக் குறை. மேலத்தெருக்காரி குங்குமச் சிமிழை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கம்பிக்கதவுல வைங்கக்கா. அங்க வச்சா ஒண்ணும் ஆகாது. தலைவி நீங்கதான?"

யாரோ இருமினார்கள். நான் வைத்தேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மறுநாள் காலையில் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கு வந்தாள். டீச்சர் பதிந்துகொண்டார். மேலத்தெருவிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். மத்தியானம் கொஞ்ச நேரம் கரண்டு இல்லை, போர்டு ஓடவில்லை; அதற்காக யாரும் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவில்லை.