அவருடைய தைராய்டும் என் மெமோவும்

தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். சித்தேரி மலையிலிருந்து பஸ்ஸில் சூட்டோடு வந்த ஒரு சாம்பிளை நான் நிராகரித்ததுதான் தொடக்கம். ரத்தம் சிதைந்திருந்தது, அளவு சரியாக வராது. மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கள் பொறுப்பாளர் கத்தினார்.

"மெஷின்ல ஓட்டி ரிப்போர்ட்ட குடும்மா! மலையிலருந்து மறுக்கா வருவாங்களா அவுங்க?"

"தப்பா வருங்க சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்ன, இன்னிக்கி அந்த மூணு நாளா? ஹார்மோன் பேசுதா?"

காத்திருந்த நோயாளிகளுக்கும் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். மறுநாள் என் கோப்பில் அவர் எழுதிய மெமோ ஏறியது: 'உணர்ச்சிவசப்படுபவர். தனிப்பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர்.' மொரப்பூர் கிளையின் பொறுப்பு எனக்கு வரவேண்டியது. அந்த வரியால் நின்றது.

பழிவாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். வழிகளைப் பட்டியலிட்டேன். ஒன்று, வேலையை விடுவது. அதில் சந்தோஷம் அவருக்குத்தான். இரண்டு, எல்லோர் முன்னும் திருப்பிக் கத்துவது. மெமோ உண்மை என்று ஆகிவிடும். வேறொன்றும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஹார்மோன் அளக்கும் புது மெஷின் வந்தது. புது மெஷினில் முதலில் எங்கள் ரத்தத்தைத்தான் ஓட்டிப் பார்ப்போம். எல்லோரும் கை நீட்டினோம். என் அளவுகள் சரியாக இருந்தன. பொறுப்பாளருக்குத் தைராய்டு ஹார்மோன் எல்லை தாண்டி ஏறியிருந்தது. மறுபடி ஓட்டினேன், அதே எண். கை நடுக்கம், ஏசியிலும் வியர்வை, இடுப்பில் நிற்காத பேன்ட், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்.

ஒரு நிமிடம் இனித்தது. பிறகுதான் உறைத்தது: அந்தக் கத்தல் நோய் என்றால், நான் யாரைப் பழிவாங்குவது?

ரிப்போர்ட்டை மடித்து அவரிடம் மட்டும் கொடுத்து, "டாக்டரப் பாருங்க சார்" என்றேன். பார்த்தார், மாத்திரை தொடங்கினார். அவர் குணமாக வேண்டும் என்று அவர் மனைவியைவிட நான் அதிகம் விரும்பியிருப்பேன். குணமான ஆள்மீதுதான் எனக்கு நிம்மதியாகக் கோபப்பட முடியும்.

நான்கு மாதத்தில் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. ஓட்டியது நான்தான். கத்தல் நின்றது, நடுக்கம் போனது. அவர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த மெமோவ எடுத்துடுங்க. அப்ப உங்களுக்கு ஒடம்பு சரியில்ல, நான் ஒன்னும் நெனைக்கல."

சிரித்துக்கொண்டே, மிகவும் அன்பாகச் சொன்னார்: "அது இருக்கட்டும்மா. பொம்பளப்புள்ளைக்கு எதுக்குக் கிளை? நாளைக்கே கண்ணாலம் ஆயி போயிடுவ."

தைராய்டு குரலைத்தான் உயர்த்தியிருக்கிறது. மெமோவை எழுதியது அவர்.

அன்றே நிலையத்தின் உரிமையாளரான டாக்டருக்குப் புகார் எழுதினேன். நான் நிராகரித்த சாம்பிள்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம், மறுபடி எடுத்தபோது வந்த அளவு, அவர் சொன்ன சொற்கள், கேட்டவர்கள். அவருடைய ரத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது நோயாளியின் ரகசியம். அதோடு, அவருக்கு ஒரு சாக்கை நானே எடுத்துக் கொடுப்பானேன்?

டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சாக்கைப் பொறுப்பாளரே எடுத்தார்.

"அப்ப எனக்குத் தைராய்டுங்க சார். என்ன பேசறேன்னே தெரியாது."

"இப்ப நார்மல் ஆயிடுச்சில்ல?" என்றார் டாக்டர். "அப்பறம் ஏன் மெமோ இன்னும் ஃபைல்ல இருக்கு?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

மெமோவை அவர் கையாலேயே கிழிக்கச் சொன்னார் டாக்டர். நான்காகக் கிழித்தார். மொரப்பூருக்குத் திங்கட்கிழமை போய்ச் சேரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

"பாவமா இல்லியாக்கா?" என்று வரவேற்பில் இருக்கும் பெண் கேட்டாள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். இல்லை.