அடி அண்ணாமலையின் பதினொரு பாசிட்டிவ்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் மலேரியா லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஊர் ஊராகப் போகும் ஒர்க்கர்கள், ஜுரம் கண்டவர்களின் விரலில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ரத்தம் தடவிக் கொண்டுவருவார்கள். நான் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். கிருமி தெரிந்தால் பாசிட்டிவ். அந்தக் கணக்கு டெல்லி வரை போகும். நாட்டில் மலேரியா எவ்வளவு என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் அடி அண்ணாமலையிலிருந்து வந்த பதினொரு ஸ்லைடும் பாசிட்டிவ். அதுவும் ஃபால்சிபாரம், மூளைக்கு ஏறினால் ஆளையே கொன்றுவிடும் வகை. கைக்குழந்தை முதல் கிழவர் வரை பதினொரு பெயர்கள். உள்ளதைச் சொல்கிறேன், இத்தனையும் நான் கண்டுபிடித்தேனே என்று முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லா ஸ்லைடிலும் கிருமி ஒரே அளவில் இருந்ததைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் வீட்டில் ஒரு பெண் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜுரமா? எங்க வூட்ல யாருக்கும் இல்லியேம்மா. கொழந்த அதோ வெளையாடிக்கினு இருக்குது."

"விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களே?"

"யாரு, ஏழுமலையா? அவரு வந்தே ஒரு மாசம் ஆவுது. சுவத்தப் பாருங்க."

ஏழுமலைதான் அந்த ஊருக்கு ஒர்க்கர். ஒர்க்கர் வரும்போதெல்லாம் வீட்டுச் சுவரில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அங்கே கடைசித் தேதி போன மாதத்தது. பதினொரு வீடும் ஏறி இறங்கினேன், எல்லா இடத்திலும் இதே கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு கேள்வி கேட்காமல் விடக் கூடாது என்று கறுவிக்கொண்டே டவுனில் இருந்த ஏழுமலை வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: இவர்கள் யாருக்கும் ஜுரம் இல்லையென்றால், அந்த ரத்தம் யாருடையது?

ஏழுமலை இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் உளறலாகப் பதில் வந்தது. பத்து விரலிலும் ஊசிக் குத்து.

அவர் மனைவி அழுதார். "லீவு கேட்டாரு, அக்கா. இந்த மாச ஸ்லைடு டார்கெட்ட முடிச்சிட்டுப் போய்ப் படுத்துக்கோன்னு ஆபீசர் சொல்லிட்டாராம். எழுந்து நடக்கவே முடியல, இன்னா பண்ணுவாரு?"

உடனே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் கண் திறந்தார்.

ஆபீசரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஏழுமலை எப்படி இருக்கிறார் என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"அப்போ பத்து பாசிட்டிவ் கம்மியாவுது, நல்லதாப் போச்சு. அந்தப் பத்தையும் நெகட்டிவ்னு மாத்திடுங்கம்மா. ஸ்லைடு மட்டும் டார்கெட் கணக்குல இருக்கட்டும்."

"எடுக்காத ரத்தத்துக்கு நெகட்டிவ்னு எப்படி சார் எழுதறது?"

"டெல்லியில இருந்து யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

குத்தாத விரலுக்கு நோய் இல்லை என்று எழுதி வைத்தால், நாளைக்கு அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே ஜுரம் வரும்போது யார் போய்ப் பார்ப்பார்கள்? லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

ரிஜிஸ்டரில் பதினொரு வரியையும் சிவப்பு மையால் அடித்தேன். கீழே ஒரே வரி எழுதினேன்: ஏழுமலை, மலேரியா ஒர்க்கர், பாசிட்டிவ்.

மறுவாரம் ஆபீசரிடமிருந்து எனக்கு மெமோ வந்தது. பத்து ஸ்லைடு குறைவு, விளக்கம் தரவும் என்று.

கொடுத்தேன். "அடி அண்ணாமலையில் அந்தப் பதினொரு பேருக்கும் ஜுரம் இல்லை. ஜுரம் வந்த ஒருவருக்குத் தாங்கள் லீவு கொடுக்கவில்லை."