கறுப்புப் புள்ளி விழுந்த மெடல்

ஜீனத்துக்கு ஒரு பழக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக முலாம் பட்டறை நடத்துகிறவள், எந்த மெடல் வந்தாலும் யாருக்கு, எதுக்கு என்று தெரியாமல் தொட்டியில் இறக்கமாட்டாள். ஓட்டப்பந்தயமா, கேரமா, மாறுவேடப் போட்டியா, சொல்லியே ஆகவேண்டும். இன்னொன்று, காலையில் குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரித்தால் அன்றைக்கு முலாம் வேலை கிடையாது.

இந்த வெள்ளி மெடலைக் கொண்டுவந்த கல்லூரி ஆபீஸ்காரர் பிராங்கிளின், "இயற்பியல் வேதியியல் ஆராய்ச்சிப் பரிசு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் அவருக்கே தெரியாது, பாவம். அரைமனதாக இறக்கினாள். தங்க முலாம் ஏறியது. வெயில் பட்டதும் கறுப்புப் புள்ளி! சுரண்டிவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் புள்ளி. சாயங்காலம் ஐந்து மணிக்கு விழா. இத்தனை வருஷப் பேர் கெட்டுவிடுமே என்று மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மதியம் மெடலை வாங்க வந்தது, பரிசு பெறப்போகிற உதயாவேதான். காசிமேட்டில் கருவாடு போடும் குப்பம்மாவின் மகள். ஜீனத் மெடலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இன்னா கண்டுபிடிச்ச கண்ணு, பரிசு குடுக்கறாங்க?"

"வெள்ளி மேல முலாம் ஏத்தும்போது ஏன் கறுப்புப் புள்ளி வுழுதுன்னு, அக்கா. தண்ணில துளி உப்பு இருந்தா போதும். வெள்ளில ஒட்டிக்கினு, வெளிச்சம் பட்டா கறுத்துடும். நாலு வருஷம் அதான் பாத்துகினு இருந்தேன்."

யா அல்லாஹ்! ஜீனத் மெடலை வெளியே எடுத்து நீட்டினாள். "அப்போ இதுக்கு பதில் சொல்லு. தண்ணி நல்லாத்தான் கீது, நானே நக்கிப் பாத்தேன்."

உதயாவுக்குக் கோபமே வரவில்லை, கண்தான் விரிந்தது. தொட்டி, கம்பி, துணி என்று பட்டறையையே துழாவினாள். மூலையில், போன வாரம் பழைய சாமான் கடையில் வாங்கிய நீல டிரம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதில்தான். வாய்க்குக் கீழே மூணு சிவப்புக் கோடு.

"அக்கா, இந்தக் கோடு எங்கம்மா போட்ட அடையாளம். பழைய சாமான்காரனுக்கு வித்த டிரம் இது. மீனுக்கு உப்பு போட்டது."

குழாயை நக்கியவள் டிரம்மை நக்கவில்லையே! ஜீனத் தலையில் அடித்துக்கொண்டாள். பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து, கழுவி, மூன்றாம் தடவை முலாம் ஏற்றினாள். அரைமணி நேரம் வெயிலில் வைத்தார்கள். ஒரு புள்ளி இல்லை.

உதயா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா?"

"நாலு வருஷம் முன்னாடி எங்க லேப்லயும் இப்படித்தான் புள்ளி வந்துச்சு. அதுலதான் ஆராய்ச்சியே ஆரம்பிச்சுது. அந்த மொத உப்பு எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் கடைசிவரைக்கும் தெரியல." முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "லேப்ல தண்ணி கஷ்டம்னு வூட்லருந்து நான்தான் ஒரு டிரம் எடுத்துகினு போனேன்."

"அப்போ இது உங்கம்மாவுக்கு சேரவேண்டிய மெடலு!"

மணி மூன்றரை. உதயா ஆட்டோ பிடித்தாள், கல்லூரிக்கு இல்லை, முதலில் காசிமேட்டுக்கு. ஜீனத் வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள்:

"அம்மாவைக் கையக் கழுவிட்டு தொடச் சொல்லு!"